மூன்று நகராட்சிகளும் ஒரு மழையும்

அத்திமேடு, நொச்சிப்பேடு, கீழ்மானேரி என்கிற மூன்று புறநகர் நகராட்சிகளும் ஒன்றோடொன்று ஒத்துழைப்பதற்கென்றே ஒரு சங்கம் வைத்து, அந்தச் சங்கத்துக்கு ஒரு மாடி, மாடிக்கு ஒரு மின்விசிறி, மின்விசிறிக்குக் கீழே ஒரு நீள மேசை, மேசையின் ஓரத்தில் குணசுந்தரி என்று எல்லாவற்றையும் குறைவில்லாமல் ஏற்பாடு செய்து, சங்கம் தொடங்கிப் பத்தொன்பது வருஷம் ஆகியும், அந்தச் சங்கத்தின் பேச்சை மழையைத் தவிர வேறு யாரும் கேட்டதில்லை; மழையும் பத்தொன்பதாம் வருஷத்து ஐப்பசியில்தான் கேட்கத் தொடங்கியது.

அதுவரைக்கும் சங்கம் நானூற்றுப் பதினாறு தீர்மானங்கள் போட்டிருந்தது. மூன்று ஊருக்கும் பொதுவாக ஒரு பஸ் விடுவதென்று போட்ட தீர்மானத்தில், பஸ் எந்த ஊரிலிருந்து புறப்படுவது என்பது முடிவாகாததால் அது பதினாறு வருஷமாகப் புறப்படவில்லை. குப்பையை ஒரே இடத்தில் கொட்டுவதென்ற தீர்மானத்தில், அந்த இடம் மற்ற இரண்டு ஊர்களில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. தெருநாய்கள் விஷயத்தில் மட்டும் ஒத்துழைப்பு நன்றாக நடந்தது: அத்திமேட்டு நாய் வண்டி பிடித்த நாய்களை நொச்சிப்பேட்டு எல்லையில் இறக்கிவிட, நொச்சிப்பேட்டு வண்டி அவற்றைப் பிடித்துக் கீழ்மானேரியில் விட, கீழ்மானேரி வண்டி திரும்ப அத்திமேட்டில் விட, மூன்று ஊரையும் முழுசாகச் சுற்றிப் பார்த்த ஜீவன்கள் அந்த நாய்கள் மட்டும்தான்.

குணசுந்தரி அத்திமேடு நகராட்சியில் இளநிலை உதவியாளராக இருந்தவள். ஆறு மாதம் மட்டும் என்று சொல்லிச் சங்கத்துக்கு அயல்பணியில் அனுப்பினார்கள். அனுப்பியவர் ஓய்வு பெற்று, அடுத்தவரும் ஓய்வு பெற்று, பதினோரு வருஷம் ஓடிப்போனதில் அவளைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐம்பத்திரண்டு வயது. கூட்டத்தில் நடப்பதை மினிட் புத்தகத்தில் எழுதுவது அவள் வேலை. நொச்சிப்பேட்டுக்காரர் கீழ்மானேரிக்காரரைப் பார்த்து "நீயெல்லாம் ஒரு மனுஷனாய்யா?" என்று கேட்டால், "உறுப்பினர்கள் ஆக்கபூர்வமான கருத்துகளைப் பரிமாறிக்கொண்டனர்" என்று எழுதுவாள். யாராவது நாற்காலியை எத்திவிட்டு வெளியே போனால், "அவசரப் பணி காரணமாக விடைபெற்றார்" என்று எழுதுவாள். அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கும், அதைப் படிக்கத்தான் ஒருவரும் கிடையாது. கூட்டத்துக்கு வரும் மூன்று பேரும் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டு போண்டாவைப் பார்க்கத் திரும்பிவிடுவார்கள்.

அந்த மூன்று பேரில் சங்கத் தலைவர் வரதராசன், அத்திமேட்டின் நகர்மன்றத் தலைவர். ஊரில் மூன்று கல்யாண மண்டபங்கள் அவருடையவை. கீழ்மானேரித் தலைவர் கோதண்டபாணி, மனை விற்பவர். ஏரி இருந்த இடத்தை ஏரி வியூ நகர் என்று பெயர் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். நொச்சிப்பேட்டின் தலைவி மங்கையர்க்கரசி என்ற அம்மாள். ஆனால் கூட்டத்துக்கு வருவது அவள் கணவர் புண்ணியகோடி. தண்ணீர் லாரிகள் பன்னிரண்டு வைத்திருந்தவர். மனைவியின் கையெழுத்தை மனைவியைவிட அழகாகப் போடுவார்.

நானூற்றுப் பதினேழாம் தீர்மானம் விளையாட்டாகத்தான் பிறந்தது. கூட்டம் முடியும் நேரத்தில் வரதராசன் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா சுந்தரி, நாளைக்கு வளர்பிறை முகூர்த்தம். மூணு மண்டபத்துலயும் கல்யாணம். மழை வர்றதா இருந்தா நொச்சிப்பேட்டோட நின்னுக்கட்டும்னு ஒரு தீர்மானம் எழுதிக்க" என்றார்.

"இருக்கிற நானூத்திப் பதினாறோட இதுவும் ஒண்ணு" என்று சிரித்துக்கொண்டே புண்ணியகோடி மனைவியின் பெயரை எழுதினார்.

மறுநாள் காலையில் நொச்சிப்பேட்டில் மழை கொட்டியது. நொச்சிப்பேட்டில் மட்டும் கொட்டியது. "நன்றி, மீண்டும் வருக" என்று நகராட்சி எழுதி வைத்திருந்த மஞ்சள் பலகை வரைக்கும் வந்து, அங்கே திரைச்சீலை கட்டியதுபோல நேர்கோட்டில் நின்றுகொண்டது. பலகைக்கு இந்தப் பக்கம் அத்திமேட்டுத் தார்ச்சாலையில் வெயில் அடித்தது. பைக்கில் வந்தவர்கள் முன்சக்கரம் நனைந்து பின்சக்கரம் காய்ந்து நின்றார்கள்.

மழை ஒரு கோட்டில் நின்றது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. சங்கத்தின் தீர்மானம் ஒன்று நடந்துவிட்டது என்பதைத்தான் ஊரில் யாராலும் நம்ப முடியவில்லை. செய்தி பரவியதும் எல்லையோரத்து டீக்கடைக்காரர் பெஞ்சை இரண்டடி நகர்த்திப் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். பெண்கள் அந்தப் பக்கம் போய்த் துணி அலசி இந்தப் பக்கம் வந்து உலர்த்தினார்கள். எல்லைக்கோட்டின் மேலேயே கட்டியிருந்த நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு மழை விடுமுறையும் ஏழாம் வகுப்புக்குக் கணக்குப் பரீட்சையும் நடந்தன. ஏழாம் வகுப்பின் பெற்றோர் இது பாரபட்சம் என்று மனு கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் சங்கத்தின் மாடிப்படியில் வரிசை நின்றது. மழை வேண்டுவோர் வெள்ளைப் படிவத்திலும், வேண்டாதோர் மஞ்சள் படிவத்திலும், ரேஷன் கார்டு நகலோடு இரண்டு பிரதிகள் தர வேண்டும் என்று ஆயிற்று. வடாம் போடும் மகளிர் குழு மஞ்சளும், தெப்பத் திருவிழாக் கமிட்டி வெள்ளையும் கொடுத்தன. மருமகள் தாய்வீட்டுக்குக் கிளம்பும் நாளில் மட்டும் மழை கேட்டு ஒரு மாமியார் வந்தாள். அதே நாளில் வேண்டாம் என்று அந்த மருமகளும் வந்தாள். இருவரும் ஒரே ஆட்டோவில் திரும்பிப் போனார்கள்.

குணசுந்தரிக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. "காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை" என்று அவள் எழுதினால் எட்டு மணிக்கு மழை நின்றது, விழத் தொடங்கிவிட்ட கடைசித் துளிகள்கூடப் பாதியில் திரும்பிப் போயின. பதினோரு வருஷமாக ஒரு ஆளும் படிக்காத எழுத்தை மேலே ஒன்று வரி விடாமல் படிக்கிறது. அவள் புதிய பேனா வாங்கினாள். எழுத்தை இன்னும் உருட்டி எழுதினாள்.

தலைவர்களுக்குத்தான் சங்கடம் ஆரம்பித்தது. தண்ணீர் வேண்டும் என்று மூன்று பேரும் மேடையில் முழங்கினார்கள், ஆனால் மழை வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. வரதராசனுக்கு முகூர்த்தம், நிச்சயதார்த்தம், வளைகாப்பு என்று மண்டபத்தில் ஈரம் ஒத்துக்கொள்ளும் நாளே கிடையாது. கோதண்டபாணிக்கு மழை பெய்தால் ஏரி வியூ நகரில் ஏரியே தெரிந்துவிடும். புண்ணியகோடிக்கு மழை பெய்தால் பன்னிரண்டு லாரியும் நிறுத்தினது நிறுத்தினபடி நிற்கும். அதனால் கூட்டத்துக்குக் கூட்டம் மழையை அடுத்தவர் ஊருக்குத் தள்ளி, அடுத்தவர் அதை அதற்கடுத்தவருக்குத் தள்ளி, கடைசியில் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தார்கள். ஒத்திவைத்த மழையெல்லாம் எங்கே போகும்? மூன்று ஊரின் வானத்திலும் டிப்போவில் நிற்கும் பஸ்களைப்போல மேகங்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. கார்த்திகை பிறந்தபோது பகல் பன்னிரண்டு மணிக்கு விளக்குப் போட்டுச் சமைத்தார்கள். கறிவேப்பிலைகூட நிறம் வெளுத்துப் போயிற்று.

"எங்கயாவது இறக்கித்தான் ஆகணும். தலைக்கு மேல எத்தனை நாளைக்கு வச்சிக்கிறது?" என்றார் வரதராசன்.

கோதண்டபாணி சுவரில் தொங்கிய வரைபடத்தின் முன்னால் போய் நின்று, மூன்று நகராட்சிகளின் மூன்று வண்ணங்களுக்கும் நடுவே வெள்ளையாக விட்டிருந்த ஒரு திட்டின்மேல் விரலை வைத்தார். "இங்க கொட்டிக்கட்டுமே. யாருக்கு நஷ்டம்?"

அந்த வெள்ளைத் திட்டின் பெயர் இடைத்தாங்கல். எல்லை அளந்த காலத்தில் மூன்று பக்கமிருந்தும் சங்கிலி பிடித்து வந்தவர்கள் மூன்று இடத்தில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, பிறகு அவரவர் வழியில் திரும்பிவிட்டதால் எந்த ஊரிலும் சேராமல் போன நாற்பது ஏக்கர் பள்ளம். முந்நூறு குடும்பங்கள் அங்கே இருந்தன. குழாய் கேட்டால் மூன்று நகராட்சியும் மற்ற இரண்டைக் கைகாட்டும். சாக்கடையை மட்டும் மூன்றும் தாராளமாக அனுப்பி வைக்கும்.

மூன்று பேரும் தலையாட்டினார்கள். சங்கம் தொடங்கி முதன்முறையாக ஒரு விஷயத்தில் சண்டையே வரவில்லை. போண்டா வரும் முன்பே முடிவாகிவிட்டது.

குணசுந்தரி பேனாவைத் திறந்தாள். "அங்க கொட்டிக்கட்டும்" என்று மினிட் புத்தகத்தில் எழுத முடியாது. இடைத்தாங்கல் என்று எழுதினால் உறுப்பினர் அல்லாத ஊரின் பெயர் எப்படிப் பதிவேட்டில் வந்தது என்று தணிக்கையில் கேட்பார்கள். ஒரு நிமிஷம் யோசித்து, வழக்கமான லாவகத்தோடு எழுதினாள்: "உறுப்பினர் நகராட்சிகளின் உபயோகத்துக்குத் தேவைப்படாத மழையை, மறு உத்தரவு வரும்வரை, எல்லைகளுக்கு நடுவே உள்ள காலியிடத்தில் இறக்கிக்கொள்ள அனுமதிக்கலாம்." காலியிடம் என்ற சொல்லை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. எழுதி முடித்தபோது, வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது என்றுதான் நினைத்தாள்.

அந்தக் காலியிடத்திலிருந்து தினமும் காலையில் ஒரு தள்ளுவண்டி வந்து சங்கத்தின் வாசலில் நிற்கும். லூர்து மேரியின் இட்லி வண்டி. குணசுந்தரி பதினோரு வருஷமாக அங்கேதான் சாப்பிடுகிறாள். எத்தனை இட்லி, எந்தச் சட்னி என்று அவள் சொல்ல வேண்டியதில்லை. லூர்து மேரியின் கணவன் ஆரோக்கியசாமி தையல்காரன். குணசுந்தரியின் ரவிக்கைகளைத் தைத்துக் கொடுப்பவனும் அவன்தான்.

மழை தொடங்கி மூன்றாம் நாள், முழங்கால்வரை சேறோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள் லூர்து மேரி. அத்திமேட்டில் சுள்ளென்று வெயில்.

"அக்கா, எங்க ஊர்ல மட்டும் விடாம ஊத்துதே, ஏன்க்கா? நாங்க மஞ்ச ஃபார்ம் குடுக்கலாமா?"

"உறுப்பினர் ஊருக்குத்தான் ஃபார்ம் உண்டு, மேரி."

"அப்போ உறுப்பினரா ஆகுறதுக்கு ஒரு ஃபார்ம் குடுங்க."

"அதுக்கு மூணு தலைவர்களும் ஒத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு, இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு மாடியேறினாள் குணசுந்தரி. அன்றைக்கு முழுதும் மேசை இழுப்பறையை ஒழுங்குபடுத்தினாள்; அது ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருந்தது.

ஒன்பது நாள் பெய்தது. ஒத்திவைத்திருந்த ஐப்பசி மழை முழுதும், கார்த்திகை மழையில் பாதியும், யாரோ ஒரு மாமியார் வேண்டாம் என்று திருப்பியனுப்பிய தூறல்வரைக்கும் அந்த நாற்பது ஏக்கரில் இறங்கியது. எல்லைக்கோட்டில் நின்று மக்கள் வேடிக்கை பார்த்தார்கள். கண்ணாடித் தொட்டிபோல மழை நாலு பக்கமும் நேராக நின்றதால், உள்ளே வீடுகள் கரைவது தெளிவாகத் தெரிந்தது. கீழ்மானேரியிலிருந்து ஒருவர் சுண்டல் விற்க வந்தார். ஏழாம் நாள், சனங்களெல்லாம் மேட்டுக்குப் போன பிறகு, ஆரோக்கியசாமி திரும்ப வீட்டுக்குள் நுழைந்தான். வரதராசனின் மண்டபத்தில் மறுநாள் நடக்க இருந்த ஒரு கல்யாணத்துக்கு ஐந்து பட்டு ரவிக்கைகள் தைத்து வைத்திருந்தான்; ஊரார் துணி நனைந்துவிடக் கூடாது என்று எடுக்கப் போனான். சுவர் அவன்மேல் சரிந்தது. பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடியே கிடந்ததால் ரவிக்கைகள் நனையவில்லை. கல்யாணம் சொட்டு மழையில்லாமல் ஜோராக நடந்தது.

அவனை அடக்கம் செய்ய இடைத்தாங்கலில் நிலம் தண்ணீருக்கு அடியில் இருந்தது. அத்திமேட்டுக் கல்லறையில் அத்திமேட்டு முகவரி கேட்டார்கள். நொச்சிப்பேட்டில் நொச்சிப்பேட்டு முகவரி கேட்டார்கள். கடைசியில் பதினெட்டு மைல் தள்ளி, லூர்து மேரியின் அம்மா ஊருக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

சங்கம் இரங்கல் கூட்டம் நடத்தியது. இரண்டு நிமிஷ மௌனம் என்று அறிவித்து எழுந்து நின்றார்கள்; நாற்பதாவது விநாடியில் போண்டா சூடாக வந்துவிட்டதால் உட்கார்ந்தார்கள். "ரொம்ப வருத்தமா இருக்கு" என்றார் கோதண்டபாணி. "ஆனா இப்ப நிறுத்தினா மிச்ச மழை நம்ம தலையில வந்து விடியும்" என்றார் புண்ணியகோடி. மழையை மற்ற ஊர்களில் எப்படிக் கையாள்கிறார்கள் என்று ஆராய ஒரு வார ஆய்வுப் பயணம் மலைக்குப் போக வேண்டியிருந்ததால் மூவருக்கும் அவசரம். "இரங்கல் தீர்மானத்த நீயே நல்லா உருக்கமா எழுதிக்கம்மா" என்று சொல்லிவிட்டு, காலிப் பக்கத்தின் அடியில் மூன்று கையெழுத்தும் போட்டுவிட்டு வரதராசன் முதலில் படியிறங்கினார். காரில் ஏறும்போது மூவரும் கம்பளித் தொப்பி போட்டிருந்தார்கள்.

குணசுந்தரி அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலே வெறும் கோடுகள். அடியில் மூன்று கையெழுத்து. முதலில் அவள் மனதில் தோன்றியது, மறைப்பானேன், மொத்த மழையையும் வரதராசனின் மண்டப மேடைமேல், மணமக்கள் உட்காரும் அந்தச் சிவப்பு சோபாமேல் இறக்குவதுதான். பேனாவைத் திறக்கவும் செய்தாள். ஆனால் சோபாவில் உட்கார வரதராசன் வரப்போவதில்லை, யார் பெற்ற பிள்ளைகளோதான் வரும் என்று நினைத்ததும் கை நின்றது. புத்தகத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

இடைத்தாங்கல் சனங்கள் பள்ளத்தின் ஓரத்து மேட்டில் மூடிக் கிடந்த ஒரு சோடா கம்பெனியில் தங்கியிருந்தார்கள். காலி கிரேட்டுகளை அடுக்கி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தடுப்பு. லூர்து மேரி ஒரு கிரேட்டின்மேல் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். குணசுந்தரியைப் பார்த்ததும் இன்னொரு கிரேட்டை நகர்த்திப் போட்டாள்.

"உக்காருக்கா. டீ வெக்கச் சொல்லட்டா?"

"மேரி, அந்த மழைத் தீர்மானத்த எழுதினது நான்தான்."

"தெரியும்க்கா. நீதான எல்லாத்தையும் எழுதற."

"அவங்க 'அங்க கொட்டிக்கட்டும்'னுதான் சொன்னாங்க. நான்தான் அதத் திருத்தமா எழுதினேன்."

லூர்து மேரியின் கை நின்றது. "எங்க ஊரு பேர எழுதினியா?"

"இல்ல."

"பின்ன என்னன்னு எழுதின?"

"காலியிடம்னு."

லூர்து மேரி உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். பக்கத்துத் தடுப்பில் யாரோ குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் குரலை உயர்த்தாமலே கேட்டாள்: "பதினோரு வருஷம் காலையில என் கையால தின்னியே. எங்க இருந்து வரேன்னு நினைச்ச?"

குணசுந்தரிக்கு அழவும் வெட்கமாக இருந்தது. அழுதால் மேரிதான் தன்னைத் தேற்ற வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டாள். பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பிரித்து, கையெழுத்துப் போட்ட காலிப் பக்கத்தைக் காட்டினாள்.

"மூணு பேரும் போட்டுட்டுப் போயிட்டாங்க. மேல என்ன எழுதினாலும் நடக்கும். நீ சொல்லு."

லூர்து மேரி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு, சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களைக் கூப்பிட்டாள். ஒருத்தி மழையே இனி வேண்டாம் என்றாள். இன்னொருத்தி, மூணு ஊரும் முங்கிச் சாகட்டும் என்றாள். எல்லாரும் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, லூர்து மேரி சொன்னாள்.

"எங்களுக்குன்னு தனியா ஒண்ணும் வேணாம். எங்களக் கேக்காம எங்கயும் பெய்யக் கூடாது, அப்படின்னு எழுது. பெஞ்சா நாலு ஊருக்கும் சேந்து பெய்யட்டும். அப்பதான் தண்ணி எங்க போகும்னு அவனுங்க யோசிப்பானுங்க."

குணசுந்தரி எழுதினாள். இடைத்தாங்கல் சங்கத்தின் நான்காவது உறுப்பினர். அதன் பிரதிநிதி லூர்து மேரி. நால்வரின் கையெழுத்தும் இல்லாத எந்தத் தீர்மானமும் செல்லாது. மழை இனி நான்கு ஊருக்கும் ஒன்றே. லாவகம் எதுவும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதினாள். அவள் பேனாவை மூடுவதற்குள் கூரைத் தகரத்தின் மேல் ஒன்பது நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் நின்றது. அந்தத் திடீர் அமைதியில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தைகள் எல்லாம் விழித்துக்கொண்டு அழுதன.

மலையிலிருந்து திரும்பிய தலைவர்கள் முதலில் சந்தோஷப்பட்டார்கள். எங்கேயும் மழை இல்லை. மார்கழி, தை, மாசி என்று வானம் துடைத்து வைத்ததுபோல் கிடந்தது. மண்டபங்கள் நிரம்பின, மனைகள் விற்றன, லாரிகள் ஓடின. பங்குனியில் லாரிகளுக்கு நிரப்ப எந்த போர்வெல்லிலும் தண்ணீர் இல்லை. மண்டபத்தில் பந்தி முடிந்தவர்கள் கை கழுவ வழியில்லாமல் வாழை இலையிலேயே துடைத்துக்கொண்டு போனார்கள். ஒரு சம்பந்தி வீட்டார் இதைச் சாக்கிட்டே கல்யாணத்தை நிறுத்தினார்கள். ஏரி வியூ நகரில் மனை வாங்கியவர்கள் ஏரியாவது எங்கே என்று கேட்டு வந்துவிட்டார்கள்.

மூவரும் அவசரமாகக் கூடி, மழை உடனே வர வேண்டும் என்று மூன்று கையெழுத்தோடு தீர்மானம் போட்டார்கள். ஒரு மேகம் எல்லைவரைக்கும் வந்து, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. அப்போதுதான் வரதராசன் தன் வாழ்க்கையில் முதன்முறையாக மினிட் புத்தகத்தைப் படித்தார். படித்து முடித்து, குணசுந்தரிக்கு மெமோ கொடுத்தார். அவள் அதற்கு ஒரே வரியில் பதில் எழுதினாள்: "கையெழுத்துகள் தங்களுடையவை."

புண்ணியகோடி பயப்படவில்லை. "கையெழுத்துதானே?" என்று சட்டைக் கையை மடித்துவிட்டு, லூர்து மேரி என்று அழகாகப் போட்டார். மனைவியின் கையெழுத்தைக் கணவன் போடுவதை வானமும் நாட்டு நடப்பு என்று இத்தனை காலம் விட்டுவைத்திருந்தது. அடுத்த வீட்டுப் பெண்ணின் கையெழுத்தை விடவில்லை. மூன்று நாள் மூன்று ஊரிலும் புழுதி பெய்தது. புண்ணியகோடியின் வெள்ளை வேட்டிகள் அத்தனையும் செங்கல் நிறமாயின.

நான்காம் நாள் காலையில் மூன்று தலைவர்களும் இட்லி வண்டியின் முன்னால் வந்து நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் பதினாலு பேர் இருந்தார்கள். லூர்து மேரி வரிசையைக் கலைக்கவில்லை.

"ஏம்மா, ஊர் தவிக்குது. ஒரு கையெழுத்துப் போடக் கூடாதா?" என்றார் வரதராசன், அவர் முறை வந்ததும்.

"போடறேன் சார். தண்ணி வந்தா போறதுக்கு வழி வேணும்ல? முன்ன ஒரு கால்வா இருந்துச்சு. மூணு ஊரையும் தாண்டி எங்க பள்ளத்துக்கு வந்து, அங்கருந்து ஆத்துக்குப் போகும்."

"அது எப்பவோ இருந்தது. இப்ப எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். பாதி உங்க மண்டபத்து கார் பார்க்கிங்குக்கு அடியில இருக்கு. பாதி இவரு லாரி ஷெட்டுக்கு அடியில. மிச்சம் ஏரி வியூ நகர் மெயின் ரோடு. தோண்டிட்டு வாங்க. இட்லி எத்தனை வெக்கட்டும்?"

கோதண்டபாணி நான்கு கேட்டார். மற்றவர்கள் கேட்கவில்லை.

அவர்கள் அதிகாரிகளைப் பார்த்தார்கள், வக்கீலைப் பார்த்தார்கள், ஒரு ஜோசியரையும் பார்த்தார்கள். வானத்துக்கு எந்த நோட்டீஸும் சேரவில்லை. சித்திரை வெயிலில் மூன்று நகராட்சிகளின் மூன்று பொக்லைன் இயந்திரங்களும் முதன்முறையாக ஒரே வேலையில் இறங்கின. ஆய்வுக் குழு இல்லை, உப குழு இல்லை. கார் பார்க்கிங் உடைந்தது. லாரி ஷெட் பிரிந்தது. ஏரி வியூ நகரின் மெயின் ரோடு பிளந்தபோது, உள்ளே பழைய கால்வாயின் கருங்கல் கரை அப்படியே இருந்தது. மக்கள் எல்லைக்கோட்டில் நின்று இதையும் வேடிக்கை பார்த்தார்கள். சுண்டல்காரர் இதற்கும் வந்தார். பத்தொன்பது வருஷமாக முடியாதது எழுபது நாளில் முடிந்தது. இடைத்தாங்கலுக்கு மூன்று திசையிலிருந்தும் குழாய் வந்தது. மேட்டில் ஒரு கல்லறை நிலமும் ஒதுக்கினார்கள். ஆரோக்கியசாமியைத் தோண்டியெடுத்துக் கொண்டுவரலாமா என்று ஒரு அதிகாரி கேட்டார். "அவர் அங்கயே இருக்கட்டும். ரெண்டு தடவ அலைய வெக்க வேணாம்" என்றாள் லூர்து மேரி.

அந்த எழுபது நாளும் குணசுந்தரியின் தட்டில் லூர்து மேரி இட்லி வைத்தாள். பேச மட்டும் மாட்டாள். எத்தனை என்று ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்பாள், முன்பின் தெரியாதவரிடம் கேட்பதுபோல. குணசுந்தரியும் ஒவ்வொரு நாளும் "நாலு" என்று பதில் சொன்னாள்.

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு நான்கு ஊர்களின் முதல் கூட்டம் நடந்தது. கையெழுத்து யாருடையதோ அவர்களே வர வேண்டும் என்று லூர்து மேரி சொல்லிவிட்டதால், நொச்சிப்பேட்டுத் தலைவி மங்கையர்க்கரசி முதன்முறையாக அந்த மாடியைப் பார்த்தாள்; புண்ணியகோடி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். வெளியே ஊர் முழுதும் தெருவில் நின்றது. தீர்மானத்தை எழுதி முடித்ததும் மேகங்கள் நான்கு பக்கமிருந்தும் வந்து கட்டிடத்தின் மேல் கூடின. வரதராசனும் கோதண்டபாணியும் பழக்கப்படி அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் புத்தகத்தைத் தள்ளினார்கள். மங்கையர்க்கரசி தன் பெயரை மெதுவாக எழுதினாள். அது கணவர் போடுவதைப்போல அழகாக இல்லை.

லூர்து மேரி புத்தகத்தை இழுத்து வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினாள். ஐந்தாவதோடு நின்றவள். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, வாயசைத்துப் படித்தாள். ஒரு பக்கம் ஆக அரை மணி நேரம் ஆயிற்று. வரதராசன் கடிகாரத்தைப் பார்த்தார். இடி ஒன்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு காத்திருந்தது. மேகங்கள் கறுத்து, தாழ்ந்து, மொட்டைமாடித் தொட்டியைத் தொட்டுக்கொண்டு நின்றன.

கடைசி வரியில் அவள் விரல் நின்றது.

"அக்கா." பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அப்படிக் கூப்பிட்டாள். "இது என்ன வார்த்தை? ஏக... மன..."

"ஏகமனதாக" என்றாள் குணசுந்தரி.

"அப்படின்னா?"

"எல்லாருக்கும் ஒரே மனசுன்னு அர்த்தம். நாலு பேரும் ஒரே மனசா இந்தத் தீர்மானத்துக்குச் சம்மதிச்சாங்கன்னு."

லூர்து மேரி தலையை நிமிர்த்தி, மேசையைச் சுற்றி இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வரதராசனைப் பார்த்தாள், கோதண்டபாணியைப் பார்த்தாள், மங்கையர்க்கரசியைப் பார்த்தாள். குணசுந்தரியைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"அத அடிச்சிடு" என்றாள்.

குணசுந்தரி அடித்தாள். லூர்து மேரி கையெழுத்துப் போட்டாள். நான்கு ஊரிலும் பெய்தது.